குழாயும் விளக்கும் பேருந்தும்: நகராண்மைக் கழக உறுப்பினரின் ஓராண்டுப் பணி



காலையில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. மாலையில் தெருவிளக்கு எரிகிறது. பள்ளிக்கும் சந்தைக்கும் செல்லப் பேருந்து வந்து நிற்கிறது. இம்மூன்றும் தாமாக நிகழ்வன அல்ல. ஒருவர் திட்டம் தீட்டினார். ஒருவர் பணம் ஒதுக்கினார். ஒருவர் வெயிலில் நின்று மண்ணைத் தோண்டினார். மக்களின் சார்பில் இவற்றைக் கேட்டுப் பெற்று, செலவான பணத்திற்குக் கணக்கும் சொல்ல வேண்டியவரே நகராண்மைக் கழக உறுப்பினர்.

அவ்வுறுப்பினரின் ஓராண்டுப் பணி எத்தகையது? அதை எவ்வாறு மதிப்பிடுவது? இவ்விரு வினாக்களுக்கும் இப்பாடத்தில் விடை காண்போம். சான்றாகச் சிங்கப்பூர் மாநகரை எடுத்துக்கொள்வோம். கடற்பாலத்திற்கு அப்பால் உள்ள அந்நகரம் நமக்கு அயலானதன்று. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பெற்றோர் பலர் விடியுமுன் புறப்பட்டு அங்கே சென்று உழைத்துத் திரும்புகின்றனர். அந்நகரத்துக் குழாய்களில் நம் ஜொகூர் மாநிலத்து நீரும் ஓடுகிறது. ஆகவே அந்நகரின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

1. ஆண்டுக் கணக்கு என்னும் பழைய மரபு

ஊர்ப்பணிக்கு ஓராண்டு என்று கால வரையறை செய்வது தமிழர்க்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்திற்கு அருகே உத்திரமேரூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு காணப்படுகின்றன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவ்வூரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலைகளில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரிய உறுப்பினரைத் தேர்ந்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், ஆண்டு வாரியம் எனப் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. உறுப்பினரின் பணிக்காலம் 360 நாள்கள்.

அக்கல்வெட்டில் நாம் உற்று நோக்கத்தக்க விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்திற்கு வரக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது. ஏரியை வெட்டினேன் என்று சொன்னால் மட்டும் போதாது; எவ்வளவு செலவாயிற்று, எங்கே செலவாயிற்று என்று ஊரார் முன் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து.

எனினும் அம்முறையிலும் ஒரு குறை இருந்தது. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையவரே தேர்ந்தெடுக்கப்படலாம். ஏரியில் மண் சுமந்தவருக்கு அச்சபையில் இடமில்லை. இக்குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, வேறொரு நாட்டில், இதே வினா மீண்டும் எழுந்ததைக் காண்போம்.

2. சிங்கப்பூரில் நகராண்மை வளர்ந்த வரலாறு

சிங்கப்பூரில் நகராண்மைப் பணிகளுக்கென ஆணையர் குழு ஒன்று 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. சாலை, பாலம், கால்வாய், விளக்கு, தண்ணீர் ஆகியவை அக்குழுவின் பொறுப்பாயின.

தண்ணீர் வந்த கதையைக் கேளுங்கள். 1857-ஆம் ஆண்டில் டான் கிம் செங் என்னும் சீன வணிகர், நகருக்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டுமென்று 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். பணம் வந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை. 1864-இல் அவ்வள்ளல் மறைந்தார். இன்று மெக்ரிட்சி நீர்த்தேக்கம் எனப்படும் இடத்திலிருந்து நகருக்குக் குழாய் நீர் முறையாக வந்து சேர்ந்தது 1870-களின் இறுதியிலேதான். 1882-இல் அவர் நினைவாக ஒரு நீரூற்றை எழுப்பினர். பின்னர் இடம் மாற்றப்பட்ட அந்நீரூற்று இன்றும் கடற்கரைப் பூங்காவில் நிற்கிறது. நல்லெண்ணமும் பணமும் இருந்தும், விடாமல் கேட்பாரும் விரைந்து செய்வாரும் இல்லையாயின் ஒரு குழாய்க்கு இருபது ஆண்டு ஆகும் என்பதற்கு அது சாட்சி.

நகரம் பெருகியது, தீவின் நீர் போதவில்லை. 1927-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகராண்மையினர் ஜொகூர் சுல்தான் இப்ராகிமுடன் உடன்படிக்கை செய்தனர். பின்னர்க் கூனோங் பூலாய் மலைப்பகுதியின் நீர் குழாய் வழியே கடலைக் கடந்து சென்றது.

இப்பணிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? வீடு, கடை ஆகியவற்றின் மதிப்பைக் கணித்து வாங்கும் மதிப்பீட்டு வரியிலிருந்தும், தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகியவற்றை விற்ற வருவாயிலிருந்தும் வந்தது. மக்களே பணம் தந்தனர். ஆனால் நெடுங்காலம் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பொதுமக்களுக்கு இல்லை. 1949-இல் தான் 27 இடங்களில் 18 இடங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. 1951 செப்டம்பர் 22-ஆம் நாள் சிங்கப்பூர் மாநகரம் என்னும் தகுதி பெற்றது. நகராண்மைக் கட்டடம் மாநகர மன்றம் எனப் பெயர் மாறியது. அக்கட்டடத்திலும் அதை அடுத்திருந்த உச்ச நீதிமன்றக் கட்டடத்திலுமாக 2015 முதல் தேசிய ஓவியக் கூடம் இயங்குகிறது.

3. 1957-ஆம் ஆண்டுத் தேர்தல்

1957 டிசம்பர் 21-ஆம் நாள் மாநகர மன்றத்தின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடைபெற்றது. முழுவதும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மன்றம் அதுவே. மக்கள் செயல் கட்சி 13 இடங்களையும், தாராள சோஷலிஸ்டுக் கட்சி 7 இடங்களையும், தொழிலாளர் முன்னணியும் பாட்டாளிக் கட்சியும் தலைக்கு 4 இடங்களையும், அம்னோ 2 இடங்களையும் பெற்றன. சுயேச்சைகள் இருவர் வென்றனர். மக்கள் செயல் கட்சியைச் சேர்ந்த ஓங் எங் குவான் மேயரானார். சிங்கப்பூர் கண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் அவர் ஒருவரே.

அதே 1957-இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டமும் வந்தது. பிறநாட்டில் பிறந்து அங்கே குடியேறி உழைத்த பல்லாயிரவர் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழி பிறந்தது. 1935-இல் ‘தமிழ் முரசு’ நாளிதழைத் தோற்றுவித்த கோ. சாரங்கபாணி அவர்கள், தமிழர் குடியுரிமை பெற வேண்டுமென்று ஓயாது வற்புறுத்தினார். பெயர் பதியாதவனுக்கு வாக்கில்லை. வாக்கில்லாதவன் வீட்டு வாசலுக்கு வேட்பாளர் வருவதில்லை. இவ்வுண்மையை அவர் நன்கு அறிந்திருந்தார். 1956-இல் சிங்கப்பூர்ச் சட்டமன்றம், விவாதங்களில் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் பேசப்படலாம் என்று தீர்மானித்ததையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். தன் மொழியில் குறையைச் சொல்ல முடிந்தால்தான் ஏழைத் தொழிலாளி மன்றத்தின் வாசற்படியை மிதிப்பான்.

இங்கே மலாயா நாட்டின் செய்தி ஒன்றையும் சொல்லுவோம். பினாங்கின் ஜார்ஜ் டவுன் 1957 ஜனவரி முதல் நாள் மாநகரமாயிற்று. அதன் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன் என்னும் தமிழர்; பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்நகரில் ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

4. 1958: குழாயும் விளக்கும்

1958-ஆம் ஆண்டு முழுவதும் அப்புதிய மன்றம் பணியாற்றியது. அதன் உறுப்பினர் ஒருவர் செய்ய வேண்டியிருந்தவற்றை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, கேட்டல். தம் வட்டாரத்தில் எந்தச் சந்து இருட்டாயுள்ளது, எந்தக் கால்வாய் அடைத்துள்ளது, எத்தனை குடும்பங்கள் ஒரே குழாயில் வரிசை நிற்கின்றன என்பவற்றைக் கேட்டறிதல். பொதுமக்களின் குறைகளை ஏற்பதற்கென்றே அக்காலத்தில் ஓர் அலுவலகப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது.

இரண்டாவது, ஒதுக்கச் செய்தல். குறைகள் நூறு, பணமோ அளவுடையது. எதை முதலில் செய்வது என்பதை வரவுசெலவுத் திட்டத்தின்போது வாதாடி முடிவு செய்தல். அவ்வாண்டில் புறநகர்க் கம்பங்களுக்குப் பொதுக் குழாய்களும் தெருவிளக்குகளும் கொண்டு சேர்ப்பதில் மன்றம் முனைப்புக் காட்டியது. வீட்டுக்குள் குழாய் வைத்திருப்பவனுக்குப் பொதுக் குழாய் பெரிதாகத் தோன்றாது. அரை மைல் தூரம் வாளி சுமந்த தாய்க்கு அது பெரிய விடுதலை.

மூன்றாவது, மேற்பார்த்தல். குழி வெட்டி மூடப்பட்டதா, குழாயில் நீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா என்று நேரில் சென்று காணுதல்.

நான்காவது, கணக்குச் சொல்லுதல். இன்னது கேட்டீர்கள், இன்னது செய்தோம், இன்னது செய்ய இயலவில்லை, காரணம் இது என்று மக்கள்முன் கூறுதல். உத்திரமேரூர்க் கல்வெட்டு வற்புறுத்தியது இந்நான்காவதையே.

அம்மன்றம் எல்லாவற்றிலும் வெற்றி பெற்றதாக எண்ணிவிடக் கூடாது. பழைய ஆடம்பரச் சின்னமாகிய செங்கோலை மேயர் ஒதுக்கி வைத்தார். மன்றத்தின் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்தார். இவற்றை ஏழை மக்கள் வரவேற்றனர். ஆனால் மேயருக்கும் மூத்த அதிகாரிகளுக்கும் இடையே ஓயாத பூசல் நிலவியது. அனுபவமிக்க அதிகாரிகள் சிலர் விலகினர். 1959-இல் அரசாங்கம் மன்றத்தின் அதிகாரங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டதோடு, விசாரணை ஆணையம் ஒன்றையும் அமைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மேயர் பதவி விலகினார். கேட்பவனும் வேண்டும், செய்யத் தெரிந்தவனும் வேண்டும். வண்டியின் இரு மாடுகளும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டிருந்தால் நுகம்தான் முறியும்.

5. பேருந்து: உறுப்பினரின் கைக்கு எட்டாத பணி

தண்ணீரும் விளக்கும் மன்றத்தின் கையில் இருந்தன. போக்குவரத்தின் நிலை வேறு. சாலை மன்றத்தினுடையது, அதன்மீது ஓடிய பேருந்தோ தனியார் கம்பெனிகளுடையது.

சிங்கப்பூரில் 1905-இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அதன் தடங்களுள் ஒன்று சிராங்கூன் சாலை வழியே சென்றது. 1925-இல் ஏற்பட்ட சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி, 1926 முதல் மேலே கம்பி தொட்டு ஓடும் டிராலிப் பேருந்துகளைக் கொண்டுவந்தது. 1927-இல் டிராம் நின்றது. 1962-இல் டிராலிப் பேருந்தும் நின்றது. நகருக்கு வெளியே சீனர் நடத்திய பல சிறு கம்பெனிகள் தத்தம் வழித்தடங்களில் பேருந்து ஓட்டின. ஒரு பயணி ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல இரண்டு மூன்று கம்பெனிகளின் வண்டிகளில் ஏறி, ஒவ்வொன்றிலும் தனித்தனியே சீட்டு வாங்க வேண்டியிருந்தது.

பேருந்து என்பது வண்டி மட்டுமன்று. அதை ஓட்டுபவரும் சீட்டுக் கொடுப்பவரும் சேர்ந்ததே பேருந்து. 1955 மே 12-ஆம் நாள் ஹொக் லீ பேருந்துக் கம்பெனித் தொழிலாளரின் வேலைநிறுத்தம் பெருங் கலவரமாக முற்றி நால்வர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு, இலண்டன் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்த ஹாக்கின்ஸ் என்பவரின் தலைமையில் அமைந்த ஆணையம், எல்லாக் கம்பெனிகளையும் ஒரே பொது நிறுவனமாக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. அக்கருத்து உடனே நிறைவேறவில்லை. 1971-இல் சிறு கம்பெனிகள் மூன்றாக இணைக்கப்பட்டன. பழைய டிராக்‌ஷன் கம்பெனியும் அவ்வாண்டிலேயே முடிவுற்றது. 1973 நவம்பர் முதல் நாள் அம்மூன்றும் ஒன்றாகிச் சிங்கப்பூர்ப் பேருந்துச் சேவை நிறுவனம் பிறந்தது. பரிந்துரைக்கும் நிறைவேற்றத்திற்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கடந்தன.

இதிலிருந்து ஒரு பாடம் பெறுகிறோம். ஓர் உறுப்பினர் தம் ஓராண்டில் ஒரு பேருந்து நிறுத்தத்தைக் கேட்டுப் பெறலாம். அதற்கு ஒரு கூரையும் ஒரு விளக்கும் பெறலாம். ஆனால் ஒரு நகரின் போக்குவரத்தையே சீரமைப்பது ஒருவரின் ஓராண்டில் முடிவதன்று. உறுப்பினர் “இது என் கையில் இல்லை” என்று சொல்வது தவறாகாது. “இது இன்னாருடைய கையில் உள்ளது, அவருக்கு எழுதியுள்ளேன், இன்ன விடை வந்தது” என்று சேர்த்துச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வதே தவறு.

6. சிராங்கூன் சாலையும் உழைத்த கைகளும்

இனிச் சிராங்கூன் சாலைக்கு வருவோம். இன்று லிட்டில் இந்தியா என்று உலகோர் அழைக்கும் பகுதி அது. பழந்தமிழ்க் குடியினர் அதைச் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கே இருந்தமையால் அப்பெயர் வந்தது. மாடு, எருமை வாணிகம் செழித்ததால் எருமைக் கொட்டில் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயரும் வழங்கியது. 1915-இல் அங்கே எழுந்த சந்தை, 1982-இல் புதுக் கட்டடத்திற்கு மாறியது. அதுவே இன்றைய தேக்கா நிலையம்.

நகராண்மைக்காகச் சாலை போட்டவர்களிலும், குப்பை அள்ளியவர்களிலும், கால்வாய் தோண்டியவர்களிலும் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். சிராங்கூன் சாலையைச் சூழ்ந்த பகுதிகளில் அத்தகைய தொழிலாளரின் குடியிருப்புகள் இருந்தன. இரவில் மலவாளி சுமக்கும் முறை சிங்கப்பூரில் 1987-ஆம் ஆண்டுவரை முற்றிலும் ஒழியவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. வரவுசெலவுத் திட்டத்தில் ‘துப்புரவு’ என்னும் ஒரே சொல்லாக இருப்பது, உண்மையில் ஒரு மனிதனின் முதுகும் தோளும் ஆகும்.

ஆகவே மன்ற உறுப்பினரைப் பாராட்டும்போது அவருக்குப் பின்னால் நிற்கும் கைகளையும் எண்ண வேண்டும். நகரத்திற்கு விளக்கு நட்டவனின் லயத்து வாசலில் விளக்கு எரிந்ததா? நகரத்திற்குக் குழாய் பதித்தவனின் பிள்ளைக்குத் தண்ணீர் கிடைத்ததா? ஒரு மன்றத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

7. மன்றம் மறைந்தது, பணி மறையவில்லை

1959 ஜூனில் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. மாநகர மன்றத்தின் பணிகள் அரசாங்க அமைச்சுகளிடம் சென்றன. 1963 மே முதல் நாள் அமைந்த பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றையும் ஏற்றது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தோன்றி அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. கம்பத்து மக்கள் மாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

மாடி வீடுகள் பெருகியதும் பழைய வினா புதிய உருவில் வந்தது. மின்தூக்கி பழுதானால் யாரிடம் சொல்வது? நடைபாதையின் விளக்கை யார் மாற்றுவது? 1986-இல் அங் மோ கியோவில் நகர மன்றம் என்னும் அமைப்பு சோதனையாகத் தொடங்கப்பட்டது, 1988-இல் சட்டமாயிற்று. அவ்வட்டாரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களும், நியமனம் பெற்ற மன்ற உறுப்பினர்களும் சேர்ந்து, குடியிருப்போர் மாதந்தோறும் செலுத்தும் பராமரிப்புக் கட்டணத்தையும் அரசு மானியத்தையும் கொண்டு பொது இடங்களைப் பேணுகின்றனர்.

போக்குவரத்தோ இன்று நகர மன்றத்தின் பணியன்று. 1987-இல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் அமைந்த பொதுப் போக்குவரத்து மன்றம் கட்டணங்களை முறைப்படுத்துகிறது. 1995-இல் தோன்றிய நிலப் போக்குவரத்து ஆணையம் சாலை, ரயில், பேருந்து மூன்றையும் திட்டமிடுகிறது. 2003 ஜூன் 20-ஆம் நாள் வடகிழக்கு ரயில் தடம் திறக்கப்பட்டபோது லிட்டில் இந்தியாவுக்கு நிலையம் கிடைத்தது. 2015 டிசம்பரில் டவுன்டவுன் தடமும் அங்கே வந்து இணைந்தது. 2016 முதல் பேருந்துகளை அரசே உடைமையாக வைத்து, ஓட்டும் பணியைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விடும் முறை நடைமுறைக்கு வந்தது.

எனவே இன்று ஒரு தெருவில் மூன்று குறைகள் இருந்தால் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். மாடி நடைபாதை விளக்கு அணைந்தால் நகர மன்றம். சாலை விளக்கு அணைந்தால் நிலப் போக்குவரத்து ஆணையம். குழாய் உடைந்தால் பொதுப் பயனீட்டுக் கழகம். எந்தக் கதவு எங்குள்ளது என்று அறிந்து, முதியவரையும் படிப்பறியாதவரையும் அங்கே அழைத்துச் செல்பவரே நல்ல உறுப்பினர்.

8. வாக்கில்லாதவரின் பேருந்து

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அந்நாளில் வெளிநாட்டுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் லிட்டில் இந்தியாவுக்கு வருவது வழக்கம். ஊருக்குப் பணம் அனுப்புவர்; காய்கறி வாங்குவர்; நண்பரைக் காண்பர்; இரவில் தனியார் பேருந்துகளில் தங்கும் விடுதிகளுக்குத் திரும்புவர். அன்றிரவு ரேஸ்கோர்ஸ் சாலையில் அத்தகைய பேருந்து ஒன்றில் அடிபட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து கலவரம் மூண்டது, வாகனங்கள் எரிந்தன.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் 2014-இல் அறிக்கை அளித்தது. விபத்தும், அதைப் பற்றிய தவறான புரிதலும், மதுவும் கலவரத்திற்குக் காரணங்கள் என்று அது கண்டது. கூட்டம் சேரும் இடங்களில் விளக்கும் கண்காணிப்பும் வேண்டும். தொழிலாளர்க்கான வசதிகள் பிற இடங்களிலும் பெருக வேண்டும் என்றும் கூறியது. 2015-இல் மது விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது.

கல்லெறிவதும் தீ வைப்பதும் எக்காலத்தும் தவறே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அத்தொழிலாளர் அந்நகரைக் கட்டுபவர், அந்நகரில் வாக்கில்லாதவர். வாரத்தில் ஒரு நாள் அவர்கள் ஏறும் பேருந்து எங்கே நிற்கிறது, வரிசை எவ்வாறு அமைகிறது, அவ்விடத்தில் வெளிச்சம் உண்டா என்பவற்றை அவர்கள் சார்பில் யார் கேட்பார்? உத்திரமேரூரில் மண் சுமந்தவனைப் பற்றிச் சொன்ன அதே வினா இங்கே மீண்டும் நிற்கிறது. வாக்களித்தவருக்குச் செய்வது உறுப்பினரின் கடமை. வாக்களிக்க இயலாதவருக்கும் செய்தாரா என்பதே அவர் ஓராண்டுப் பணியின் உரைகல்.

9. நமக்குரிய பாடம்

தோட்டப் பிள்ளைகளாகிய உங்களுக்கு இது தூரத்துக் கதையன்று. தோட்டத்தில் குழாயும் விளக்கும் சாலையும் நெடுங்காலம் நிருவாகத்தின் கையில் இருந்தன. துரையிடம் கேட்டனர், கிடைத்தால் பெற்றனர். நகரத்தான் நகராண்மைக் கழகத்திடம் கேட்டான். தோட்டத்தானுக்கு அந்தக் கதவு இல்லை. நம் நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் உறுப்பினர்கள் மாநில அரசால் நியமனம் செய்யப்படுகின்றனர். வாக்குக் கேட்டு வருபவர் இல்லாத இடத்தில், நாமே சென்று கேட்கக் கற்றுக்கொள்வது இரு மடங்கு தேவையாகிறது.

கேட்பது எப்படி என்பதும் ஒரு கல்வியே. கூச்சல் போடுவது கேட்பதாகாது, முணுமுணுப்பதும் கேட்பதாகாது. ஒரு முறையீட்டுக் கடிதத்தில் ஐந்து செய்திகள் இருத்தல் வேண்டும்.

ஒன்று, இடம்: எந்தச் சாலை, எந்தக் கம்பம், எந்த எண் என்று குறித்தல். இரண்டு, நாள்: குறை எப்போது தொடங்கியது என்று எழுதுதல். மூன்று, பாதிப்பு: யார், எத்தனை பேர் துன்புறுகின்றனர் என்று மிகைப்படுத்தாமல் கூறுதல். நான்கு, வேண்டுகோள்: ஒரு கடிதத்தில் ஒரே வேண்டுகோளைத் தெளிவாக எழுதுதல். ஐந்து, தொடர்ச்சி: கடிதத்தின் படியை வைத்துக்கொண்டு, விடை வராவிடின் நாளைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதுதல். இந்த ஐந்தாவதை விட்டுவிடுவதால் கிணற்றில் போட்ட கல்லாகும் முறையீடுகள் மிகப் பல.

மாணவர்களே! உங்களில் ஒருவர் நாளை மன்ற உறுப்பினராகலாம். ஒருவர் பேருந்து ஓட்டலாம். ஒருவர் குழாய் பதிக்கலாம். எப்பணியில் இருந்தாலும் ஆண்டு முடிவில் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். யாருடைய குறையைக் கேட்டேன்? எதைச் செய்து முடித்தேன்? கேட்க வாயில்லாதவருக்கு என்ன செய்தேன்? இம்மூன்றுக்கும் நேரான விடை சொல்லக்கூடியவர் கையில் ஊர் நலமாக இருக்கும். அத்தகையோர் நம் பள்ளியிலிருந்து தோன்ற வேண்டும் என்பதே ஆசிரியர்களாகிய எங்கள் அவா.

பயிற்சி வினாக்கள்

1. உத்திரமேரூர் வாரிய உறுப்பினரின் பணிக்காலம் எத்தனை நாள்? கணக்குக் காட்டாதவர்க்கு விதிக்கப்பட்ட தடை யாது?

2. டான் கிம் செங்கின் நன்கொடைக்கும் குழாய் நீருக்கும் இடையே நெடுங்காலம் கடந்தது எதை உணர்த்துகிறது?

3. 1958-ஆம் ஆண்டின் மாநகர மன்ற உறுப்பினர் செய்ய வேண்டியிருந்த நான்கு பணிகளை வரிசைப்படுத்துக.

4. தண்ணீரையும் விளக்கையும் போலப் பேருந்தை அம்மன்றம் நடத்த இயலாமற் போனதேன்?

5. “வாக்களிக்க இயலாதவருக்கும் செய்தாரா என்பதே உரைகல்” என்பதை உம் சொந்த நடையில் விளக்குக.

6. உம் வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே உள்ள வழியில் ஒரு குறையைத் தேர்ந்து, மேற்கண்ட ஐந்து செய்திகளும் அமைய ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதுக. அதன் படியை வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்க.